யுகுலேலேயோடு சொந்தப் பாட்டு பாடுபவர்களை வீடியோக்களில் கண்டுபிடிப்பது: முழுமையான வழிகாட்டி

யூடியூபில் யுகுலேலே (சின்ன கிடார்போன்ற நாலு தந்திக் கருவி) என்று தட்டினால் முதலில் வந்து நிற்பவை மூன்று வகை: பாடம் நடத்தும் வீடியோ, கருவி விமர்சனம், எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் கவர் (பிறர் பாட்டை எடுத்துத் தான் பாடுவது). தானே எழுதி, தானே மெட்டமைத்து, நாலு தந்தியை மீட்டிப் பாடுகிறவர் எங்கோ அடியில் கிடப்பார். திறமை குறைவு என்பதால் அல்ல. தெரிந்த பாட்டின் பெயரைத்தான் யாரும் தேடுவார்கள். போன வாரம் ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து எழுதிய பாட்டின் பெயர் யாருக்கும் தெரியாது. யாரும் தேடாததைத் தளமும் மேலே கொண்டுவருவதில்லை.

ஆகவே நீங்கள் கேட்க விரும்புவதைத் தட்டிப் பயனில்லை. வீடியோ ஏற்றுகிறவர் அதற்கு என்ன தலைப்பு வைத்திருப்பார், கீழே குறிப்பில் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்து அதைத் தட்ட வேண்டும். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள், குறிப்பாக 5, 6, 7 மூன்றையும். ஆங்கிலச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. தேடும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒயர் உள்ள ஹெட்போன். புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுப் பிந்தி வரும். பல செயலிகள் படத்தையும் அதற்கேற்பப் பிந்தவைத்துச் சரிசெய்யும், ஆனால் எல்லாம் செய்வதில்லை. 7ஆம் படியில் கை அசைவும் ஒலியும் பொருந்துகிறதா என்று பார்க்கப்போகிறோம். அங்கே இந்தத் தாமதம், நேர்மையாக நேரடியாகப் பாடியவரை வாயசைத்தவர் என்று நினைக்க வைத்துவிடும்.

தனிக் கணக்கு, அல்லது பிரவுசரில் தனி புரொஃபைல். இதன் காரணம் அடுத்த படியில்.

ஓர் அட்டவணை. சேனல் பெயர், பாட்டின் பெயர், சொந்தமா கவரா, ஏற்றிய தேதி, பிடித்த இடத்தின் நிமிடம்-நொடி, மறுநாள் நினைவிருந்ததா என ஆறு பத்திகள் போதும். நட்சத்திர மதிப்பெண் பத்தி போடாதீர்கள். போட்டால் கவனம் மதிப்பெண் மேல் போகும், எந்த நொடியில் எது பிடித்தது என்பது எழுதப்படாமலே போய்விடும்.

யுகுலேலே வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நாலு கார்ட்களை (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் பிடிகளை) பார்த்தவுடன் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். சி: கீழ்த் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் (கருவியின் கழுத்தில் உள்ள கட்டம்) ஒரே விரல். ஏ மைனர்: மேல்த் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரே விரல். எஃப்: ஏ மைனரோடு, கீழிருந்து இரண்டாவதான ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இன்னொரு விரல். ஜி7: மூன்று விரல் சேர்ந்த சின்ன முக்கோணம். முன்பக்க கேமராவில் எடுத்த வீடியோ சிலவற்றில் படம் கண்ணாடிபோலத் திரும்பியிருக்கும், வாசிப்பவர் இடக்கைக்காரர்போலத் தெரிவார். சட்டையில் உள்ள எழுத்து இடவலம் மாறி இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

2. பரிந்துரைகளைச் சுத்தம் செய்யுங்கள்

உங்கள் வழக்கமான கணக்கில் தேடினால், இதுவரை நீங்கள் பார்த்த எல்லாமும் முடிவுகளில் கலந்து வரும். புதிய புரொஃபைலில் தொடங்கி, அதில் இந்தத் தேடலைத் தவிர வேறொன்றும் பார்க்காதீர்கள்.

முதல் நாளே பாட வீடியோக்களும் கருவி விமர்சனங்களும் பரிந்துரையில் குவியும். ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து, அந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்ற தெரிவை அழுத்துங்கள். ‘ஆர்வமில்லை’ என்ற தெரிவு அந்த ஒரு வீடியோவை மட்டுமே தள்ளும். சேனலை மறுப்பதில்தான் பலன் அதிகம்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, பிரபலமான ஒருவரை விதையாகப் போடுவது, அதாவது தளம் பரிந்துரைக்கத் தொடங்கும் முதல் வீடியோவாக அவருடையதைப் பார்ப்பது. டோடி கிளார்க், ஜூலியா நூன்ஸ் போன்றவர்கள் வீட்டில் எடுத்த யுகுலேலே வீடியோக்களால் பெயர் பெற்றவர்கள். கிரேஸ் வாண்டர்வால் 2016இல் 12 வயதில் அமெரிக்காஸ் காட் டேலண்ட் போட்டியில் யுகுலேலேயோடு சொந்தப் பாட்டு பாடி வென்றவர். இவர்களைப் பார்த்துத் தொடங்கினால் தளம் உங்களுக்குத் தருவது இவர்கள் பாட்டுகளின் கவர்களைத்தான். விதையாகச் சில நூறு பார்வைகள் கொண்ட ஐந்தாறு சொந்தப் பாட்டுகளைப் போடுங்கள். அவற்றை முழுதாக ஓடவிடுங்கள். பாதியில் மூடினால் தளத்துக்குப் போகும் செய்தி வேறு.

3. ஏற்றுகிறவர் தட்டும் சொல்லைத் தட்டுங்கள்

முதலில் யுகுலேலே என்பதோடு ‘ஒரிஜினல் சாங்’ சேர்த்துத் தேடுங்கள். அடுத்து ஒரிஜினல் என்ற சொல்லே இல்லாமல், சொந்தமாக எழுதுகிறவர்கள் கூச்சத்தோடு வைக்கும் தலைப்புகளைத் தேடுங்கள்: ‘ஏ சாங் ஐ ரோட்’, ‘ஐ ரோட் திஸ் லாஸ்ட் நைட்’, ‘அன்ஃபினிஷ்ட் சாங்’, ‘மை ஃபர்ஸ்ட் சாங்’, ‘டெமோ’, ‘வாய்ஸ் மெமோ’. இவற்றை மேற்கோள் குறிக்குள் போட்டு, வெளியே யுகுலேலே என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். மேற்கோள் குறி அந்தச் சொற்றொடரை அப்படியே வைத்துத் தேடச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் ‘சாங்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தளம் எங்கோ போய்விடும்.

கழிக்க வேண்டிய சொற்களுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி: கவர், டுடோரியல், லெசன், கார்ட்ஸ், ரிவ்யூ. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழிக்காதீர்கள். ‘கார்ட்ஸ்’ என்பதைக் கழித்தால், தன் பாட்டின் கார்ட்களைக் குறிப்பில் எழுதிவைக்கும் நல்ல எழுத்தாளர்களும் போய்விடலாம். முதல் சுற்றில் கவர், டுடோரியல் இரண்டையும் கழியுங்கள், மற்றவை இரண்டாம் சுற்றுக்கு.

எழுத்துப்பிழையைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் யு, கே, யு என்று தொடங்குவதுதான் வழக்கமான எழுத்து. யு, கே, ஈ என்று எழுதுகிறவர்களும் ஏராளம். பார்வைகளைக் கணக்குப் போட்டுத் தலைப்பு வைக்கும் பெரிய சேனல்கள் அப்படி எழுதுவதில்லை. வீட்டில் எடுத்து அப்படியே ஏற்றுகிறவர்கள்தான் எழுதுவார்கள். ‘யூக்’ என்ற சுருக்கமும் தனியாகத் தேட வேண்டியதே.

தேதியை அடைக்கவும். யூடியூப் தேடல் பெட்டியில் ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ என்ற சொற்களை ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி இல்லாமல் ஆண்டு-மாதம்-நாள் கொடுத்தால் அந்தக் காலத்து வீடியோக்கள் மட்டும் வரும். மூன்று மாத இடைவெளியாக நகருங்கள். தேதி அடைக்காவிட்டால் அதிகம் பார்க்கப்பட்ட அதே இருபது வீடியோக்கள் எந்தச் சொல்லுக்கும் திரும்பத் திரும்ப வரும். அடைத்தால் போட்டி குறைகிறது, சின்னச் சேனல்கள் மேலே ஏறுகின்றன. இந்தப் பகுதியில் ஒரே ஒரு வித்தையைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இது அதுவாக இருக்கட்டும்.

பிற மொழிகளில் தேடுங்கள். ஜப்பானியத்தில் வாசித்துக்கொண்டே பாடுவதற்கு ‘ஹிகிகதாரி’ என்று தனிச் சொல்லே உண்டு. வீடியோத் தலைப்புகளில் தாராளமாகப் புழங்கும். கொரியத்தில் சொந்தப் பாட்டுக்கு ‘ஜாஜாக்கோக்’. போர்த்துகீசில் ‘அவுத்தோரால்’. ஸ்பானியத்தில் ‘கன்சியோன் ஒரிஹினால்’. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு அந்தந்த மொழி எழுத்தில் எடுத்துத் தட்டுங்கள். தமிழ்ப் பாட்டுக்காரர்களைத் தேடும்போது தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ், முழு ஆங்கிலம் என மூன்று விதமாகவும் தட்ட வேண்டும், ஏனென்றால் தலைப்புகள் மூன்று விதமாகவும் வருகின்றன.

4. யூடியூபுக்கு வெளியே உள்ள வாசல்கள்

ஃபிப்ரவரி ஆல்பம் ரைட்டிங் மந்த் என்றொரு சவால் உண்டு, சுருக்கமாக ஃபாம். பிப்ரவரி மாதத்தின் 28 நாட்களில் 14 பாட்டுகள் எழுத வேண்டும். அதே குடும்பத்தில் இன்னொன்று 90 நாட்களில் 50 பாட்டுகள் கேட்கும். இவற்றில் பங்கெடுப்பவர்கள் வீடியோ ஏற்றும்போது சவாலின் பெயரையும் ஆண்டையும் எழுதுவது வழக்கம். சவாலின் பெயர், ஆண்டு, யுகுலேலே மூன்றையும் சேர்த்துத் தேடினால் வருவது பெரும்பாலும் சொந்தப் பாட்டுதான். அவசரத்தில் எழுதியவை ஆகையால் தரம் ஏறி இறங்கும். பாட்டின் மெருகைவிட யோசனையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் என்பிஆர் வானொலி ஆண்டுதோறும் நடத்தும் டைனி டெஸ்க் கான்டெஸ்ட் இன்னொரு வாசல். அதற்குச் சொந்தப் பாட்டையே பாட வேண்டும், வீடியோவில் ஒரு மேசை இருக்க வேண்டும். போட்டியின் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் தலைப்பிலேயே இருக்கும். வென்றவர்களை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியவர் தேர்வாகாத மற்றவர்களிடையே இருக்கிறார்.

கலைஞர்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் யுகுலேலே என்ற குறிச்சொல்லைத் திறந்து புதிதாக வந்தவை என்று வரிசைப்படுத்துங்கள். அங்கே பெரும்பாலும் வீடியோ இராது. ஆனால் பாட்டு வரிகளும், எழுதியவர், வாசித்தவர் விவரமும் இருக்கும். அங்கே பெயரைப் பிடித்து யூடியூபில் முகத்தைத் தேடுவது பல நேரம் நேர்வழியைவிட வேகமானது.

டிக்டாக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் ஓர் எச்சரிக்கை. வீடியோவின் கீழே ‘ஒரிஜினல் சவுண்ட்’ அல்லது ‘ஒரிஜினல் ஆடியோ’ என்றிருந்தால், அந்த ஒலிக்கோப்பு அந்தக் கணக்கிலிருந்து ஏறியது என்று மட்டுமே பொருள். பாட்டு அவருடையது என்று பொருளில்லை. புதியவர்கள் ஏமாறும் இடங்களில் இது முதன்மையானது. இந்தக் குறு வீடியோக்களில் பெரும்பாலும் ஒரு சரணமும் பல்லவியும்தான் இருக்கும். ஆகவே அதை வைத்து முடிவெடுக்காமல் முழுப் பாட்டு எங்கே இருக்கிறது என்று தேடப் பயன்படுத்துங்கள்.

5. முதல் முறை படம் பார்க்காமல் கேளுங்கள்

வீடியோவை ஓடவிட்டு வேறு டேபுக்குப் போய்விடுங்கள், அல்லது போனைக் கவிழ்த்து வையுங்கள். முகம், அறை, விளக்கு, பார்வை எண்ணிக்கை எல்லாம் காதைத் திசைதிருப்பும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் கடைசியில் சேர்ப்பது அழகாகப் படம்பிடிக்கப்பட்ட வீடியோக்களின் பட்டியலைத்தான்.

ஒலிப்பதிவின் தரத்தைப் பாட்டின் தரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன் மைக் ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும். ஸ்ட்ரம் (தந்திகளைச் சேர்த்து வீசி மீட்டுவது) ஓங்கி விழும்போது குரல் உள்ளே அமுங்குவதும், அது நின்றவுடன் அறையின் இரைச்சல் மேலெழுவதும் அதனால்தான். அது பாடுபவரின் குறையன்று. ஆனால் சுருதி விலகுவதும் தாளம் தடுமாறுவதும் எந்த மைக்கிலும் தெரியும்; அவற்றுக்கு மைக்கைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

எவ்வளவு நேரம் கேட்பது? முதல் பல்லவி முடியும்வரை கேளுங்கள். சரியில்லை என்று தோன்றினால் உடனே மூடாமல் இரண்டாவது சரணத்துக்குத் தாவுங்கள். முதல் சரணமும் பல்லவியும் ஓர் உந்துதலில் வந்துவிடும்; இரண்டாவது சரணத்துக்கு உழைக்க வேண்டும். அங்கே புதிதாக ஏதாவது நடக்கிறதா, முதல் சரணம் சொன்னதையே வேறு சொல்லில் நிரப்புகிறாரா என்று பார்த்தால் எழுதத் தெரிந்தவரா இல்லையா என்பது பாதிக்குமேல் தெரிந்துவிடும்.

ஒரே அமர்வில் முக்கால் மணி நேரத்துக்குமேல் வேண்டாம். காது களைத்தபின் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும், அப்போது நல்லதைத் தள்ளிவிடுவீர்கள்.

6. பாட்டு அவருடையதுதானா என்று உறுதி செய்யுங்கள்

இதை ஆராய்ச்சிக்கு முன்பே செய்யுங்கள். கவர் என்று பிறகு தெரிந்தால் எழுத்தைப் பற்றி நீங்கள் குறித்ததெல்லாம் வேறொருவருக்குச் சேர்ந்ததாகிவிடும்.

முதலில் குறிப்புப் பகுதி. அங்கே யூடியூப் தானாகச் சேர்க்கும் இசைப் பெட்டியில் வேறொரு கலைஞர் பெயர் வந்தால் அது கவர் என்பதற்கு வலுவான அறிகுறி. பெட்டி இல்லையென்பதால் சொந்தப் பாட்டு என்றாகாது. தளம் எல்லாக் கவர்களையும் கண்டுகொள்வதில்லை. அடுத்து, பல்லவியிலிருந்து வழக்கத்தில் இல்லாத சொற்சேர்க்கை கொண்ட ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் வைத்து கூகுளில் தேடுங்கள். ‘ஐ மிஸ் யூ’ போன்ற வரிக்கு ஆயிரம் பாட்டு வரும், ஆகவே விசித்திரமான வரியாகப் பார்த்து எடுங்கள். மூன்றாவது, கருத்துப் பகுதியில் ‘இது யார் பாட்டு’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். பாடியவரே பதில் சொல்லியிருப்பார்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பாட்டுகளும் இப்போது இதே சொற்களோடு ஏறுகின்றன. உண்மைபோலத் தோன்றும் செயற்கை உள்ளடக்கத்தை அறிவிக்க வேண்டும் என்ற விதியை யூடியூப் 2024இல் கொண்டுவந்தது. குறிப்பில் அந்த அடையாளம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும், அசையாத ஒரே படம், மாதத்துக்குப் பத்துக்கணக்கில் பாட்டு, பாட்டுக்குப் பாட்டு மாறும் குரல், கை தெரியும் வீடியோ ஒன்றுகூட இல்லாமை ஆகியவை சேர்ந்து வந்தால் விலகுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

7. இரண்டாம் முறை கையையும் குரலையும் சேர்த்துப் பாருங்கள்

முதலில் பொருத்தம். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஸ்ட்ரம் நிற்கும் இடங்களைப் பாருங்கள். கை தந்தியை அடக்கும் கணத்தில் ஒலியும் அடங்க வேண்டும். அடங்காமல் நீண்டால் முன்பே பதிவு செய்த ஒலிக்கு வாயசைக்கிறார். அது தவறில்லை, பலர் செய்வதுதான். ஆனால் அந்த வீடியோவை வைத்து அவருடைய நேரடித் திறமையை அளக்க முடியாது. வேறு வீடியோ தேடுங்கள்.

அடுத்தது இந்தக் கருவிக்கே உரிய சோதனை. வழக்கமான ஜி-சி-ஈ-ஏ சுருதியில் ஜி தந்தி மேல் ஸ்தாயியில் கட்டப்பட்டிருக்கும். சி தந்திதான் எல்லாவற்றிலும் தாழ்ந்த ஒலி. அது நடு சி, ஏறக்குறைய 262 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கருவியில் ஒன்றுமே இல்லை. பெண் குரலாக இருந்தால் கருவியும் குரலும் ஏறத்தாழ ஒரே பகுதியில் நிற்கும், ஆண் குரல் கருவிக்குக் கீழே போய்விடும். கிடாரில் தாழ்ந்த தந்திகள் பாட்டுக்குத் தரை போட்டுத் தரும், இங்கே அது இல்லை. குரல் எங்கும் சாய்ந்துகொள்ள முடியாது. ஆகவே யுகுலேலேயோடு சுருதி விலகாமல் தாழ்ந்த பகுதியில் மெல்லப் பாடுகிறவர் கிடைத்தால் அந்த வீடியோவைத் தாண்டிப் போகாதீர்கள். உரக்கப் பாடுவதைவிட இது கடினம்.

சிலர் ஜி தந்தியைக் கீழ் ஸ்தாயியில் கட்டுவார்கள். அப்போது எல்லை 196 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பாரிடோன் யுகுலேலே டி-ஜி-பி-ஈ என்று கிடாரின் மெல்லிய நாலு தந்திகளைப் போலவே கட்டப்படும். இன்னும் தாழ்ந்து ஒலிக்கும். கிடார் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. தந்திகளை எண்ணிப் பாருங்கள். ‘பாரிடோன் யூக்’ என்பதைத் தனித் தேடலாகவே வையுங்கள்.

சின்ன உடம்பு, நைலான் வகைத் தந்தி. மீட்டிய ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். அந்த வெற்றிடத்துக்குப் பயந்து ஓயாமல் ஸ்ட்ரம் போடுவது தொடக்கக்காரர் பழக்கம். வரியின் முடிவில் ஒலியை அடங்கவிட்டு, அடுத்த சொல்லை மௌனத்தில் வைத்துப் பாடத் துணிகிறாரா என்று கவனியுங்கள்.

வலக்கையைப் பாருங்கள். கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல் என்ற ஸ்ட்ரம் முறை எல்லாப் பாடங்களிலும் முதலில் வருவது. அது இருப்பது குறையில்லை. ஐந்து பாட்டிலும் அது மட்டுமே இருந்தால் ஏற்பாட்டில் யோசனை இல்லை என்று பொருள். அதைவிட முக்கியம், கையும் வாயும் தனித்தனியாக இயங்குகின்றனவா என்பது. பயிற்சி போதாதவரின் கை, சொல்லின் அசையோடு சேர்ந்தே விழும். நெருக்கமான வரி வந்தால் ஸ்ட்ரம் தடுமாறும். தேர்ந்தவர் தாளத்துக்கு முன்னாலும் பின்னாலும் சொல்லை வைப்பார், கை தன் பாட்டுக்குப் போகும்.

இடக்கை கடைசியில். சி, ஏ மைனர், எஃப், ஜி7 நாலையும் வைத்து நல்ல பாட்டு எழுத முடியும். எண்ணிக்கையை வைத்து மதிப்பிட வேண்டாம். வழக்கத்தை மீறும் ஓர் இடம் இருக்கிறதா, அது பாட்டு வரிக்காக வருகிறதா என்று பாருங்கள். உதாரணமாக எஃப் கார்டிலிருந்து எஃப் மைனருக்குப் போகும் இறக்கம், ‘ஆனால்’ என்று வரி திரும்பும் இடத்தில் வந்தால் எழுதியவர் யோசித்திருக்கிறார். அதே இறக்கம் எல்லாப் பாட்டிலும் ஒரே இடத்தில் வந்தால் அது பழக்கம் மட்டுமே. யுகுலேலேயில் ஈ மேஜர் பிடிப்பது சங்கடம், பலர் அதைத் தவிர்த்தே பாட்டு எழுதுவார்கள். அதைத் தயங்காமல் பிடிக்கிறவர் கையின் வசதிக்காக மெட்டை வளைக்காதவர் என்று கொள்ளலாம். கேப்போ (தந்திகளை மொத்தமாக அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) போட்டிருந்தால் இந்தக் கணக்குச் செல்லாது.

பாட்டு முடிந்ததும் கருவியை மறந்து மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். கார்ட் இல்லாமலும் அது நிற்கிறதா? கார்டின் சுரத்தையே பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போகும் மெட்டு, துணையை எடுத்தவுடன் கரைந்துவிடும்.

8. மூன்று பாட்டும் ஓர் இரவும்

ஒரே ஒரு நல்ல பாட்டு யாருக்கும் அமையும். சேனலுக்குள் போய் இன்னும் இரண்டு சொந்தப் பாட்டுகளை 5, 6, 7 வழியாக அனுப்புங்கள். பிரபலமானவை என்ற வரிசையில் எடுக்காதீர்கள். அதன் உச்சியில் பெரும்பாலும் கவர்தான் நிற்கும். மிகப் பழையதில் ஒன்று, மிகப் புதியதில் ஒன்று எடுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் வளர்ச்சியைக் காட்டும். பழையது சாதாரணமாகவும் புதியது நன்றாகவும் இருக்கிறவர், இரண்டும் ஒரே தரத்தில் இருக்கிறவரைவிடக் காத்திருக்கத் தகுந்தவர்.

பிறகு மூடிவிட்டு மறுநாள் வாருங்கள். வீடியோவைப் போடுவதற்கு முன் பல்லவியைப் பாடிப் பார்த்து, வந்ததா இல்லையா என்று அட்டவணையில் எழுதுங்கள். கேட்கும்போது மயக்கியதில் பாதிக்குமேல் இங்கே உதிரும். உதிராமல் நிற்பவரைத்தான் சப்ஸ்கிரைப் செய்ய வேண்டும். முதல் பாட்டிலேயே சப்ஸ்கிரைப் அழுத்துகிறவர்களின் பட்டியல் சில வாரத்தில் அவர்களாலேயே திறக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிடும்.

9. ஒருவரைப் பிடித்து அடுத்தவரைக் கண்டுபிடிப்பது

தேடல் பெட்டியின் வேலை முதல் சிலரோடு முடிந்துவிடும். அதற்குமேல் நல்லவர்களைக் காட்டுவது நல்லவர்கள்தான். சொந்தமாக எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்கிறார்கள், பார்வை எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அந்த வட்டம் இன்னும் நெருக்கம்.

கருத்துப் பகுதியை இந்தக் கண்ணோடு படியுங்கள். ‘அருமை’ என்றவர்களை விடுங்கள். ‘பிரிட்ஜில் வரும் அந்த மைனர் கார்ட்’, ‘மூன்றாவது வரியில் மூச்சு எடுக்கும் இடம்’ என்று குறிப்பாகப் பேசியவரின் பெயரை அழுத்திப் பாருங்கள். அப்படிக் கேட்கத் தெரிந்தவர் பெரும்பாலும் தானும் எழுதுகிறவர். அவருக்கும் ஒரு சேனல் இருக்க வாய்ப்புண்டு.

இருவர் சேர்ந்து பாடிய, திரையைப் பிரித்து எடுத்த வீடியோக்களில் மற்றவர் பெயர் குறிப்பில் இருக்கும். சேனலின் முகப்பில் அவர் பரிந்துரைக்கும் சேனல்களும் பொதுவில் விட்ட பிளேலிஸ்ட்களும் இருக்கலாம். அவர் ஒரு கவர் பாடியிருந்து, அந்தப் பாட்டு உங்களுக்கு எங்கும் கேட்டிராததாக இருந்தால், அதை எழுதியவரைத் தேடுங்கள். தெரியாத ஒருவரின் பாட்டை இன்னொரு பாடலாசிரியர் எடுத்துப் பாடுவதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. 6ஆம் படியில் கவர் என்று ஒதுக்கியவற்றுக்கு இங்கே மறுபடி வேலை வருகிறது. அதனால் அட்டவணையில் அவற்றையும் அழிக்காமல் வையுங்கள்.

ஓபன் மைக் நிகழ்ச்சிகளின் பதிவுகளும் உதவும். உங்களுக்குப் பிடித்தவர் பாடிய மேடையின் சேனலைத் திறந்தால் அதே இரவில் பாடிய மற்றவர்களும் இருப்பார்கள்.

10. தொடர்வது

சப்ஸ்கிரைப் மட்டும் செய்தால் புதிய வீடியோ உங்கள் கண்ணில் படும் என்று உறுதியில்லை. ஆண்டுக்கு மூன்று பாட்டு போடுகிறவர் தினமும் போடுகிறவர்களிடையே காணாமல் போவார். அந்தச் சிலருக்கு மட்டும் மணிக்குறியை ‘அனைத்தும்’ என்று வையுங்கள். ஆர்எஸ்எஸ் ரீடர் பழக்கம் உள்ளவர்கள் சேனல் முகவரியை அதில் சேர்க்கலாம். யூடியூப் சேனல்களுக்கு ஆர்எஸ்எஸ் வசதி உண்டு. மின்னஞ்சல் பட்டியல் வைத்திருந்தால் சேருங்கள், சேனல் போனாலும் அது இருக்கும்.

வீடியோக்கள் சொல்லாமல் மறைவதும் உண்டு. எழுதியவருக்கே பழைய பாட்டு பிடிக்காமல் போய்விடும். அதற்காகப் பதிவிறக்கி வேறு எங்கும் ஏற்றாதீர்கள், உரிமை அவருடையது. பாட்டை விற்கிறார் என்றால் வாங்கி வையுங்கள்.

11. ஆதரவு எங்கே போய்ச் சேர்கிறது

யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். கூடவே 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைத் தொகை கிடையாது. நீங்கள் கண்டுபிடித்தவர் இரண்டுக்கும் கீழே இருந்தால், எத்தனை முறை ஓடவிட்டாலும் அவருக்கு இவற்றிலிருந்து ஒன்றும் போகாது. பேண்ட்கேம்பில் ஒரே ஒரு பாட்டு வாங்கினால் போகும். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், மீதியில் பணம் செலுத்தும் கட்டணம் மட்டுமே கழியும்.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியது, நொடியைக் குறிப்பிட்டு எழுதும் கருத்து. அட்டவணையின் ஐந்தாம் பத்தி இங்கே பயன்படும்.

பாடுபவர் சிறுவர், சிறுமியாக இருந்தால் தனிச்செய்தி அனுப்பாதீர்கள். பள்ளி, ஊர் போன்ற விவரங்களைக் கருத்தில் எழுதவும் கூடாது. அத்தகைய வீடியோக்களில் கருத்துப் பகுதியை யூடியூபே மூடிவைப்பது உண்டு, அதை ஏதோ பிரச்சினை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

12. தேடல் வறண்டால்

கவர்களே வருகின்றன என்றால் தேதி அடைப்பு விட்டுப்போயிருக்கும், அல்லது புரொஃபைலில் ஒரு பிரபலப் பாட்டை முழுதாக ஓடவிட்டிருப்பீர்கள். பார்வை வரலாற்றில் அந்த வீடியோவை நீக்கிவிட்டு மறுபடி தேடுங்கள்.

எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்றால் மொழியை மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் யுகுலேலே என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘பெட்ரூம் டெமோ’, ‘சாங்ரைட்டிங் சாலஞ்ச்’ என்று தேடி, படத்தில் நாலு தந்தி தெரிபவற்றை மட்டும் திறங்கள். தலைப்பில் கருவியின் பெயரே எழுதாதவர்கள் நிறைய.

எதுவுமே மறுநாள் நினைவில் நிற்கவில்லை என்றால் ஓர் அமர்வில் அதிகம் கேட்கிறீர்கள். எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால், அட்டவணையில் முன்பு ஒதுக்கியவற்றிலிருந்து ஐந்து பாட்டை எடுத்து மறுபடி படம் பார்க்காமல் கேளுங்கள். புது வீடியோக்களை அதன்பிறகு தேடலாம்.